நிகிலன் கொடுத்த நடை

சனிக்கிழமை காலை என்றால் உச்சி அங்காடியில் நிற்க இடம் கிடைக்காது. மலைக்குக் கிளம்புகிறவர்கள் ஒரு வரிசை, மலையிலிருந்து இறங்கியவர்கள் ஒரு வரிசை. இறங்கியவர்கள் சேறு காயாத காலணிகளைக் கழற்றி நடைவாங்கி என்ற இயந்திரத்தின் வாயில் வைப்பார்கள். ஒரு சுக்குக்காப்பி குடித்து முடிக்கிற நேரம் அது உறுமும். பிறகு மணி அடிக்கும். கடையில் இருக்கிற அத்தனை பேரும் கை தட்டுவார்கள். இதற்கு நடை கொடுப்பது என்று பெயர். நடை கொடுக்காமல் நேரே வீட்டுக்குப் போகிற ஆளைப் பொள்ளாச்சிப் பக்கம் யாரும் ஒரு மனிதனாகவே மதிப்பதில்லை.

கடையில் கூடாரம், கயிறு, தலைவிளக்கு, மழைக்கோட்டு எல்லாம்தான் விற்றார்கள். ஆனால் சனங்கள் வந்தது அறிகாலணிக்கு. எந்தக் கல் ஆடும், எந்த வேர் எடை தாங்கும், எந்த இடத்தில் பாசி வழுக்கும் என்று முன்னால் போய்வந்தவர்களின் கால்கள் கற்றதெல்லாம் நடைவாங்கி வழியாகப் 'பொதுநடை'யில் போய்ச் சேரும். பொதுநடையிலிருந்து ஊரில் உள்ள எல்லா அறிகாலணிக்கும் வந்துவிடும். போட்டுக்கொண்டு நடந்தால் போதும். கணுக்காலில் இப்படி ஒரு அழுத்தம், அப்படி ஒரு அழுத்தம். கால் தானாகச் சரியான இடத்தில் விழும்.

இதனால் நடந்தது என்னவென்றால், ஐந்தாறு வருடத்தில் மக்கள் கீழே பார்த்து நடப்பதையே விட்டுவிட்டார்கள். மொட்டைமாடிச் சுவரோரம் போனாலே தலை சுற்றுகிறவர்கள் செங்குத்துச் சரிவில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஏறினார்கள். மூட்டுவலிக்காரர்கள் பேரன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இந்தக் காலணியில் போய்வந்த ஒருவருக்கும் இதுவரை ஒரு சுளுக்குக்கூட இல்லை என்று கடை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. போய்வந்தவர்களைப் பற்றித்தானே எழுதியிருக்கிறார்கள்.

அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் தாரிகா உள்ளே வந்தாள். கையில் ஒரு துணிப்பை. இரண்டு வரிசையிலும் நிற்காமல் நேரே கல்லாவுக்கு வந்தாள். மேலாளர் ஜெயசீலன் வழக்கமான சிரிப்போடு நிமிர்ந்தார்.

"நடை கொடுக்கணுங்களா மேடம்? வரிசை அந்தப் பக்கம்ங்க."

"என்னுது இல்லீங்க. என் தம்பியோடது."

"அவரையே வரச் சொல்லுங்களேன். போட்டவங்களே வந்து கொடுத்தாத்தான நல்லாருக்கும்? அந்தச் செவுத்துப் பலகையில பேரு வர்றப்போ ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"அவன் இல்லீங்க. கருங்கொம்பு மலையில செத்துப் போயிட்டான்."

பையை வாங்க நீட்டிய கையை ஜெயசீலன் பின்னால் இழுத்துக்கொண்டார். சிரிப்பு மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடை திறந்த நாளிலிருந்து இப்படி ஒருவரும் வந்ததில்லை. மலையில் யாரும் சாகவே இல்லை என்பதல்ல அதற்குக் காரணம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்தார்கள். ஆனால் செத்தவர் காலில் கிடந்ததை யார் வீட்டுக்குள் எடுத்து வருவார்கள்? துணிமணியையாவது யாருக்காவது கொடுப்பார்கள். செருப்பைச் சுடுகாட்டோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்கு வந்து, சுக்குக்காப்பி குடித்து, கைதட்டல் வாங்குகிற நெஞ்சழுத்தம் யாருக்கும் இல்லை. ஆகவே பொதுநடையில் இருந்ததெல்லாம் உயிரோடு திரும்பியவர்களின் கால்கள். சாவு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

நிகிலனின் காலணியைப் போலீஸ் ஒரு நெகிழிப் பையில் போட்டுத் தந்தது. அம்மா அதை வாசல்படி தாண்ட விடவில்லை. ஆற்றில் விட்டுவிட்டு வா என்றாள். தாரிகா ஆற்றுப்பாலம் வரைக்கும் போனாள். வண்டியை நிறுத்தினாள். பிறகு பையை ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலேயே வைத்துப் பூட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள். அன்றிலிருந்து அது அங்கேதான் இருந்தது.

"போலீஸ்ல தற்கொலைன்னு முடிச்சுட்டாங்க," என்றாள். "கூடப் போன வழிகாட்டி பாத்திருக்காரு. சடையன்னு பேரு. வழுக்கல, தடுமாறல, ஆந்தைப்பாறை விளிம்புக்கு நேரா நடந்து போனான், அவனாத்தான் போனான்னு எழுதிக் கொடுத்துட்டாரு. நானும் பத்துத் தடவ போன் பண்ணிக் கேட்டுட்டேன். அந்த மனுசன் பொய் சொல்றவரு இல்லீங்க. பாத்ததைத்தான் சொல்றாரு."

"அவருக்கு ஏதாச்சும் மனக்கஷ்டம்..."

"நிச்சயம் பண்ணுன கல்யாணம் நின்னுபோச்சு. அது போதாதா ஊருக்கு? ஆளாளுக்குக் கதை எழுதிட்டாங்க." அவள் குரல் ஏறியது. "எங்கம்மா தட்டுல சோத்தைப் போட்டா தள்ளி வச்சிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. நான் புள்ளைக்கு என்னடி குறை வச்சேன்னு. அவன் குதிச்சானா இல்லையான்னு எனக்குத் தெரியணும். இந்தக் காலணிக்குத் தெரியும். அவனோட கடைசி நடையை எனக்குப் போட்டுக் காட்டுங்க."

ஜெயசீலன் சுற்றுமுற்றும் பார்த்தார். வரிசையில் இருந்தவர்கள் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரி ஒரு வாடிக்கையாளரைக் கல்லாவில் நிற்க வைத்துப் பேசுவது வியாபாரத்துக்கு நல்லதல்ல என்று நினைத்தாரோ, அல்லது அவருக்கும் ஒரு தம்பி இருந்தானோ, தெரியாது. மேடைக்கு வாங்க என்றார்.

சரிவுமேடை கடையின் நடுவில் இருந்தது. ஒரு கல்யாண மேடை அளவு இருக்கும். மேல்தளம் மலைக்குத் தகுந்தபடி ஏறும், சாயும், மேடு பள்ளமாகும். வாங்குவதற்கு முன்னால் எந்த மலையையும் இதில் நடந்து பார்க்கலாம். விழுந்தாலும் இடுப்பு உயரம்தான். சுற்றிலும் மெத்தை போட்டிருந்தார்கள்.

தாரிகா காலணியைப் போட்டாள். அவள் காலுக்குத் தகுந்தபடி அது மெல்லச் சுருங்கி இறுக்கிப் பிடித்தது. ஒரு கணம் நிகிலனே குனிந்து அவள் காலைப் பிடித்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னும் பொதுநடையில சேக்கலைங்க. அதனால அவரோட நடை மட்டுந்தான் வரும்," என்றார் ஜெயசீலன். மேடையின் ஓரத்தில் இருந்த சிறிய பெட்டியைத் திறந்து உள்ளே இருந்த முள்ளைத் தட்டிப் பார்த்தார். "இது சுகமானிங்க. காலு எவ்வளவு சுகமா இருந்துச்சுன்னு காட்டும்."

சுகமானிதான் இந்தக் கடையின் மூளை என்று சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் வாடிக்கையாளர்களிடம் அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மனிதன் வாயால் சொல்வதற்கு ஒரு கணக்கு உண்டா? பாதி வழியில் அழுதவன் கீழே வந்து அருமை என்றான். ஆகவே கேட்பதை விட்டுவிட்டு, காலணிக்குள் உள்ளங்கால் படுகிற இடத்திலேயே ஒரு மானியைத் தைத்தார்கள். நாடி படபடத்தால், தசை நடுங்கினால், வலித்தால் முள் இறங்கும். உடம்பு தளர்ந்து அமைதியானால் ஏறும். எந்த நடையின் முடிவில் உடம்பு அதிக அமைதி கண்டதோ, அந்த நடையைத்தான் பொதுநடை எல்லோருக்கும் சிபாரிசு செய்யும். கால் பொய் சொல்லாது என்பது அவர்கள் நம்பிக்கை.

மேடை அசைந்தது. தாரிகாவின் கால்கள் நடக்க ஆரம்பித்தன.

முதலில் ஏற்றம். நிகிலனுடைய நடைதான். இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைப்பான். பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து அப்படித்தான். ஒரு இடத்தில் நின்றான். குதிகாலை மாற்றி மாற்றி எடை போட்டான். யாரிடமோ பேசிக்கொண்டிருந்திருக்கிறான். பிறகு நடந்தான். நாடி சீராக இருந்தது. சாகப் போகிறவனின் நடுக்கம் எதுவும் அதில் இல்லை. ஆனால் மனம் வெறுத்தவனும் இப்படி நிதானமாக நடப்பான் என்று சொல்லிவிடலாமே.

சமதளம் வந்தது. ஆந்தைப்பாறை இதுதான். காலணியில் ஈரம் குளிர்ந்தது. மழை விட்டு மூட்டம் போட்டிருந்த நாள் அது. எட்டு வைத்தான். இன்னொரு எட்டு. கணுக்காலில் லேசான ஒரு அழுத்தம் வந்தது, இப்படிப் போ என்று. ஒரு சந்தேகமும் இல்லாத அழுத்தம். விளிம்பு வந்தது. வலது கால் முன்னால் நீண்டது. பெருவிரல் கீழ்நோக்கி வளைந்தது. பாதம் மெல்ல இறங்கி, அடியில் எதையோ துழாவியது.

இருட்டில் படி இறங்குகிறவன் அடுத்த படியைத் தேடுகிற தேடல் அது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

ஜெயசீலன் நிறுத்தினார். அவருக்கும் வியர்த்திருந்தது.

"அங்க ஒரு படி இருந்துச்சுங்களா? பாறைக்குக் கீழ?"

"இருந்துச்சுங்க. திட்டு மாதிரி ஒண்ணு. அதுல இறங்கித்தான் அந்தப் பக்கம் போவாங்க. எல்லாரும் அப்படித்தான்..." அவர் மேடையின் விளிம்பைப் பார்த்தார். "அந்த வாரம் மழையில நிறைய இடத்துல மண்ணு சரிஞ்சுதுங்க."

திட்டு சரிந்துவிட்டது. சரிந்ததைக் கண்டுவந்து சொல்ல யாருடைய காலும் திரும்பவில்லை. அதனால் காலணிக்கு அங்கே திட்டு இருந்துகொண்டே இருந்தது. மூட்டத்தில் நிகிலன் கீழே பார்க்கவில்லை. யார்தான் பார்க்கிறார்கள்?

"குதிக்கறவன் காலு படியைத் தேடுமாங்க?" என்று கேட்டுவிட்டு, தாரிகா மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை. அம்மாவிடம் போய்ச் சொல்ல இன்றைக்கு ஒன்று கிடைத்துவிட்டது. நீ ஒரு குறையும் வைக்கவில்லையம்மா.

"மிச்சத்தையும் போடுங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"வேண்டாங்க மேடம்."

"அவனுக்கு வலிச்சுதான்னு தெரிஞ்சுக்கறேன். போடுங்க."

உட்கார்ந்தபடியே அவள் கால்கள் காற்றில் உதைத்தன. நெஞ்சு வாய்க்கு வந்தது. ஒரு அடி, அவ்வளவுதான். அதன் பிறகு அமைதி. உள்ளங்காலிலிருந்து தொடை வரைக்கும் ஒரு தளர்ச்சி பரவியது. இத்தனை வருடத்தில் அவள் உடம்பு இப்படி ஓய்ந்ததில்லை. தேடிப் போனவர்கள் கண்டுபிடிக்கும்வரை இரண்டு நாள் நிகிலன் அந்தப் பள்ளத்தில் கிடந்தான். அந்த இரண்டு நாளும் காலணி அவன் காலில்தான் இருந்தது.

"வலிக்கலைங்க அவனுக்கு," என்றாள் தாரிகா. அழுகையினூடே சிரித்தாள். "ஒண்ணுமே வலிக்கல."

ஜெயசீலன் பெட்டியைப் பார்த்தார். முள் உச்சிக்குப் போய் அங்கேயே நின்றிருந்தது. தட்டினார். அசையவில்லை. "மானி மாட்டிக்கிச்சுபோல," என்று முணுமுணுத்து மூடினார்.

அவள் காலணியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "இதைப் பொதுநடையில சேருங்க."

"மேடம், அது வந்து... இறந்தவங்க பொருளுங்க. நம்ம பக்கம் இதெல்லாம்..."

"என்னங்க நம்ம பக்கம்? அந்தப் பாறையில திட்டு இல்லைன்னு உங்க காலணிக்கு யாரு சொல்றது? இன்னொருத்தி தம்பி விழுந்து செத்தாத்தான் சொல்லுவீங்களா? அப்பவும் ஆத்துல விட்டுட்டுப் போயிருவாங்க. நானே அம்மா பேச்சைக் கேட்டிருந்தா இது இந்நேரம் தண்ணியில போயிருக்கும். இத்தனை நாளா நாம பண்ணிட்டிருந்த தப்பே இதுதான்."

வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "அந்தப் பொண்ணு சொல்றது நியாயந்தானுங்க," என்றார். அவர் மனைவியும் தலையாட்டினாள். இரண்டு பேரும் புதுக் காலணி போட்டு மேடை ஏறக் காத்திருந்தார்கள். ஜெயசீலனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மனதுக்குள் நெருடிய ஒன்றை என்னவென்று எடுத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. வரிசை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. காலணியை நடைவாங்கியின் வாயில் வைத்தார்.

இயந்திரம் உறுமியது. யாரோ தாரிகாவின் கையில் ஒரு சுக்குக்காப்பியைக் கொடுத்தார்கள். காரம் தொண்டையில் இதமாக இறங்கியது. மணி அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

வழக்கமாக அதோடு முடிந்துவிடும். இன்று மணி இன்னொரு முறை அடித்தது. சுவரில் இருந்த பலகை ஒளிர்ந்தது. இன்றைய சிறந்த நடை, நிகிலன், கருங்கொம்பு மலை என்று எழுத்து ஓடியது. பிறகு அது அழிந்து, இதுவரை வந்ததிலேயே சிறந்த நடை என்று வந்தது. கடையே ஆர்ப்பரித்தது. என்னவென்று தெரியாமலே வாசலில் நின்றவர்களும் கை தட்டினார்கள்.

தாரிகாவும் முதலில் பெருமையாகத்தான் பார்த்தாள். தம்பி பெயர் பலகையில் வந்திருக்கிறது. பிறகுதான், எதற்காகச் சிறந்தது என்று தோன்றியது.

மேடையில் அந்தப் பெரியவரும் மனைவியும் நடந்துகொண்டிருந்தார்கள். கூட நாலைந்து கல்லூரிப் பெண்கள். மேடை கருங்கொம்பு மலையாகச் சாய்ந்திருந்தது. எல்லோருடைய கால்களும் ஒரே சமயத்தில் ஒரு பக்கமாகத் திரும்பின. பெரியவர் விளிம்புக்கு நேராக நடந்தார். நிற்கவில்லை. கால் எடுத்து வைத்து மெத்தையில் விழுந்தார். பின்னாலேயே அவர் மனைவி. பின்னாலேயே அந்தப் பெண்கள், ஒருத்தி பின் ஒருத்தியாக. விழுந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"அட, நல்லாருக்குதுங்க!" என்றாள் அந்த அம்மாள் மெத்தையில் மல்லாந்தபடி. "காலு தானாப் போகுது. மூட்டு வலிக்கவே இல்ல. இன்னொருக்கா போலாமுங்களா?"

ஜெயசீலன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மானி மாட்டிக்கொள்ளவில்லை என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. பாறையில் திட்டு இல்லை என்பதைக் காலணி கற்றுக்கொண்டதுதான். அது போதவில்லை அதற்கு. திட்டு இல்லாத இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையும் கற்றுக்கொண்டது. நாடி படபடக்காத, தசை நடுங்காத, எந்த வலியும் இல்லாத இரண்டு முழு நாட்கள். உயிரோடு இருக்கிற எந்த உடம்பும் அதற்கு அப்படி ஒரு அமைதியைக் கொடுத்ததில்லை.

"எடுங்க அதை! திரும்ப எடுங்க!" தாரிகா அவர் சட்டையைப் பிடித்தாள்.

"முடியாதுங்க. எல்லா நடையோடயும் கலந்துருச்சு. குழம்புல போட்ட உப்பை எப்படிங்க எடுக்கறது?"

"யாரெல்லாம் மலையில இருக்காங்க இப்ப?"

"விடியக்காத்தால ரெண்டு பஸ் போச்சுங்க."

"கழட்டச் சொல்லுங்க. காலணியைக் கழட்டச் சொல்லுங்க!"

"சரிவுல கழலாதுங்க." அவர் பெட்டியை மூடினார். "பாதி மலையில யாரும் தெரியாம கழட்டிரக் கூடாதுன்னு நாங்கதான் பூட்டு வச்சோம். சமதரைக்கு வந்தாத்தான் விடும்."

தாரிகா போனை எடுத்தாள். சடையனின் எண் விரலுக்கே பழகியிருந்தது. நீண்ட நேரம் மணி போயிற்று. சடையன் அறிகாலணி போடாத ஆள். ரப்பர் செருப்போடு மலை ஏறுகிறவர். எடுத்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது.

"அண்ணா, உங்ககூட யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு பஸ் சனம் இருக்குதும்மா. பேங்குல வேலை பாக்கறவங்க. குடும்பத்தோட வந்திருக்காங்க."

"ஆந்தைப்பாறைப் பக்கம் விடாதீங்க. எல்லாரையும் புடிச்சு உக்கார வையுங்க. கயித்தை எடுத்து மரத்தோட கட்டுங்க. சீக்கிரம்ண்ணா!"

"நானும் அதைத்தாம்மா கத்திட்டிருக்கேன். அந்தப் பக்கம் வழியே இல்ல, திட்டு சரிஞ்சு போச்சுன்னு. உங்க தம்பி போனப்புறம் இன்னிக்குத்தான் வழியைத் தொறந்தாங்க, நானே இப்பத்தான் பாத்தேன். திடீர்னு அத்தனை பேரும் திரும்பிட்டாங்க. காலு வலிக்கல, மூச்சு வாங்கலன்னு பேசிச் சிரிச்சுக்கிட்டே போறாங்க. ஒருத்தரைப் புடிச்சு நிறுத்துனா இன்னொருத்தரு தாண்டிப் போறாரு. நான் ஒருத்தன் எத்தனை பேரைம்மா புடிப்பேன்?"

காற்று இரைந்தது. எங்கோ ஒரு குழந்தை சிரிப்பது கேட்டது. சடையன் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்னொரு பெயரைக் கூப்பிட்டார். பிறகு அவர் கூப்பிடவில்லை.

"அண்ணா? அண்ணா!"

"யாரும் தள்ளலைம்மா," என்றார் சடையன். அவர் அழுதுகொண்டிருந்தார். "நான் பாத்துட்டேதான் நிக்கறேன். யாரும் வழுக்கல, யாரும் தடுமாறல. எல்லாரும் அவங்களாத்தான் போறாங்க."